பண்டிகையும் பங்கும்: கிறிஸ்து பிறப்புக் கால ஈகை பற்றிய ஓர் இறையியல் நோக்கு

முன்னுரை

கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நெருங்கும்போது நம் சபைகளில் ஈகைச் செயல்களும் பெருகுகின்றன. வாலிபர் சங்கத்தார் சேலையும் வேட்டியும் வாங்க நன்கொடை திரட்டுகின்றனர். பெண்கள் சங்கத்தார் முதியோர் இல்லத்திற்குப் பலகாரம் சுட்டு எடுத்துச் செல்கின்றனர். தனிப்பட்ட குடும்பத்தாரும் தங்கள் இல்லத்தில் பணிபுரிவோருக்கும் தெருவில் காணும் ஏழைகளுக்கும் தம்மால் இயன்றதைக் கொடுக்கின்றனர். இச்செயல்களைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இவையே பண்டிகையின் உட்பொருள் என்று மனநிறைவு கொள்கின்றனர். மற்றொரு சாரார், ஆண்டிற்கொருமுறை அளிக்கப்படும் ஒரு சேலையால் வறுமை ஒழிந்துவிடுமா என வினவி, இவற்றை மனச்சான்றை உறங்க வைக்கும் மருந்து எனத் தள்ளிவிடுகின்றனர். இறையியல் மாணவர் பலர் இரண்டாம் சாராரோடு சேர்ந்து கல்லூரியை விட்டு வெளியேறுகின்றனர். சேகரப் பொறுப்பேற்ற முதல் டிசம்பரிலேயே முதற்சாரார் நடத்தும் விழாவிற்குத் தலைமை தாங்க வேண்டியவராகின்றனர். எனவே தனியாள் ஈகையைத் திருமறையின் ஒளியிலும் திருச்சபை வரலாற்றின் ஒளியிலும் ஆராய்ந்து, அதன் இடத்தையும் எல்லையையும் தெளிந்துகொள்வது நமக்கு இன்றியமையாததாகும்.

1. பண்டிகைச் சட்டத்தில் ஏழையின் பங்கு

பழைய ஏற்பாட்டில் பண்டிகை என்பது தனி வீட்டின் மகிழ்ச்சியாக ஒருபோதும் கருதப்படவில்லை. உபாகமம் 16ஆம் அதிகாரத்தில் வாரங்களின் பண்டிகையையும் கூடாரப் பண்டிகையையும் பற்றிய கட்டளைகளில் விருந்தினர் பட்டியல் ஒன்று இருமுறை வருகிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகிய அனைவரும் ஒன்றாக மகிழவேண்டும் (உபா. 16:11, 14). இதற்குக் கூறப்படும் காரணம் எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவுகூர்தல் (16:12). இரக்கவுணர்ச்சியை எழுப்பி இக்கட்டளை பேசவில்லை. விடுதலை பெற்றவர் தம் பழைய நிலையை மறவாமை என்பதையே அடிப்படையாகக் கொள்கிறது. லேவியராகமம் 23ஆம் அதிகாரமோ, பண்டிகைகளின் காலவரிசையைச் சொல்லிக்கொண்டே வந்து, இடையில் நின்று, வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்னும் சட்டத்தைச் சேர்த்துவிடுகிறது (23:22). வழிபாட்டு ஒழுங்கிற்கு நடுவே வயல் ஒழுங்கு வைக்கப்பட்டிருப்பது ஆழ்ந்து நோக்கற்பாலது.

சிறையிருப்பிற்குப் பின் எழுந்த இரு நூல்கள் இக்கருத்தை மேலும் தெளிவாக்குகின்றன. ஏழாம் மாதம் முதல் தேதியில் நியாயப்பிரமாணம் வாசிக்கப்படக் கேட்டு அழுத மக்களிடம், புசித்துக் குடித்து மகிழும்படியும், ஒன்றும் ஆயத்தமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பும்படியும் கூறப்படுகிறது (நெகே. 8:10-12). ஏழை என்ற பொதுச்சொல் இங்கு ஆளப்படவில்லை. அந்த நாளில், அந்த வீட்டில், அடுப்பின்மேல் ஏதும் இல்லாதவர் யார் என்று அறிந்து அனுப்பவேண்டும். அறியாமல் அனுப்ப முடியாது. எனவே ஈகையின் முதற்படி அயலாரை அறிதலே.

எஸ்தரின் நூலில் பூரீம் பண்டிகையைப் பற்றி வரும் இரு வசனங்களை ஒப்பிட்டு நோக்குதல் நலம். மக்கள் தாமாகவே கொண்டாடியபோது ஒருவருக்கொருவர் பங்குகளை அனுப்பினர் என்று 9:19 கூறுகிறது. பின்னர் மொர்தெகாய் எழுதிய மடலிலோ, ஒருவருக்கொருவர் பங்கு அனுப்புவதுடன் எளியவர்களுக்கு வெகுமதி அளிப்பதும் சேர்க்கப்படுகிறது (9:22). ஒத்த நிலையினர் தமக்குள் பரிமாறிக்கொள்வது இயல்பாகவே நடைபெறும். எளியவரை நினைப்பதற்கோ ஒரு கட்டளை வேண்டியிருந்தது.

நம் நாட்டு வழக்கும் இதற்கு ஒத்ததே. கிறிஸ்து பிறப்பு நாளில் இந்து, இசுலாமிய அயலார் வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புகிறோம். தீபாவளியன்றும் ரம்ஜான் அன்றும் அத்தட்டு நமக்கு வருகிறது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புதல் முறையன்று என்பது நம் இல்லங்களில் எழுதப்படாத சட்டம். வேறு ஒன்றும் இல்லையெனில் சிறிது சர்க்கரையாவது இட்டே அனுப்புவர். இது மாண்புமிக்க பழக்கம், அயலுறவைக் காப்பது. ஆயினும் இதற்குள் ஓர் இடர் மறைந்திருக்கிறது. தட்டில் எதையும் இட்டுத் திருப்ப இயலாத வீட்டிற்குத் தட்டு போவதே இல்லை. விருந்து செய்யும்போது பதிலுக்கு அழைக்கக்கூடியவரை அழையாமல், பதில் செய்ய இயலாதவரை அழையுங்கள் என்று ஆண்டவர் கூறியது (லூக். 14:12-14) இவ்விடரை நோக்கியே எனலாம்.

2. பெத்லகேமின் வயலில்

இயேசு பிறந்த ஊரின் பெயரைக் கேட்டவுடன் நமக்குத் தாவீதின் நினைவு எழுகிறது. தாவீதுக்கு முன்பே அவ்வூர் ஈகையால் புகழ்பெற்றது என்பதை ரூத்தின் நூல் காட்டுகிறது. தனியாள் ஈகையின் இலக்கணத்தை அறிய விரும்புவோர்க்கு இந்நூலினும் சிறந்த பாடநூல் திருமறையில் இல்லை.

போவாஸ் சட்டத்தின்படி வயலின் ஓரத்தை விட்டிருந்தால் மட்டுமே போதும். அவன் அதற்கும் அப்பால் செல்கிறான். வேலைக்காரர் மொண்டுவைத்த தண்ணீரைக் குடிக்க மோவாபியப் பெண்ணுக்கு உரிமை அளிக்கிறான் (2:9). அறுப்பவர்களோடு அமரச்செய்து வறுத்த கோதுமையைத் தன் கையால் கொடுக்கிறான் (2:14). அரிக்கட்டுகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடும்படியும் அவளை அதட்டாதிருக்கும்படியும் வேலைக்காரருக்குக் கட்டளையிடுகிறான் (2:16). இறுதிச் செயலே நம் கருத்துக்குரியது. அவள் கையில் மூட்டையாகக் கொடுத்திருந்தால் அவள் இரவலர் ஆகியிருப்பாள். சிந்திவிட்டதால் அவள் தன் உழைப்பால் பொறுக்கிய ஒரு எப்பா வாற்கோதுமையோடு நிமிர்ந்த தலையளாய் வீடு திரும்புகிறாள். கொடுத்தவன் மறைந்திருக்கிறான், பெற்றவள் மதிப்போடு நிற்கிறாள். எபிரேய மொழியில் 'ஹெசெத்' என்று வழங்கும் பேரன்பு இந்நூலில் மும்முறை பேசப்படுகிறது (1:8, 2:20, 3:10), அது இவ்வாறே செயல்வடிவம் பெறுகிறது.

மேலும், நகோமி நிறைவாய்ப் போய் வெறுமையாய்த் திரும்பியதாகப் புலம்புகிறாள் (1:21). போவாஸோ, மாமியாரிடம் வெறுமையாய்ப் போகவேண்டாம் என்று கூறி ரூத்தின் போர்வையில் வாற்கோதுமையை அளந்து போடுகிறான் (3:17). மூலத்தில் ஈரிடத்தும் ஒரே சொல் வந்துள்ளது. அடிமையை விடுதலை செய்து அனுப்பும்போது வெறுமையாய் அனுப்பலாகாது என்னும் சட்டத்திலும் (உபா. 15:13) அதே சொல்லே உள்ளது. வெறுமையை நிறைவாக்குதலே பெத்லகேமில் ஈகையின் பணி.

கதை வயலோடு முடிந்துவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. நான்காம் அதிகாரத்தில் போவாஸ் ஊர்வாசலுக்குச் சென்று, பத்து மூப்பர் முன்னிலையில் மீட்பின் உரிமையை நிலைநாட்டுகிறான். வயலில் காட்டிய இரக்கம் வாசலில் நீதியாக முதிர்கிறது. நாள்தோறும் கதிர் பொறுக்கும் நிலையிலேயே ரூத்து இருந்துவிடும்படி அவன் விட்டுவிடவில்லை. ஈகைக்கும் நீதிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பின்னர்க் கூறப்போவதற்கு இதுவே அடிப்படை.

3. லூக்கா காட்டும் பிறப்பு

லூக்கா நற்செய்தியாளர் பிறப்பு நிகழ்ச்சியை எளியோர் நோக்கிலிருந்தே எழுதுகிறார். மரியாளின் பாடல் பசியுள்ளோர் நன்மைகளால் நிரப்பப்படுவதையும் செல்வர் வெறுமையாய் அனுப்பப்படுவதையும் பாடுகிறது (1:53). முதற்செய்தி இரவில் மந்தை காத்துக்கொண்டிருந்த கூலியாட்களை ஒத்த மேய்ப்பர்களுக்கு அறிவிக்கப்படுகிறது (2:8). எருசலேம் ஆலயத்தில் பெற்றோர் செலுத்திய காணிக்கையும் குறிப்பிடத்தக்கது. ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியற்றவர்க்கென லேவியராகமம் 12:8 அனுமதித்த சோடிப் பறவைகளே அங்குச் சொல்லப்படுகின்றன (2:24). மீட்பர் தாம் ஏழைகளுக்கு உதவ வந்த செல்வராகப் பிறக்கவில்லை. உதவி பெறுவோர் வரிசையிலேயே பிறந்தார்.

நம் பழைய மொழிபெயர்ப்பில், பிறப்பின்போது இடமில்லாதிருந்த இடமும் (2:7), நல்ல சமாரியன் காயமுற்றவனைக் கொண்டு சேர்த்த இடமும் (10:34) 'சத்திரம்' என்றே வழங்கப்படுகின்றன. கிரேக்கத்தில் இவை இருவேறு சொற்கள். முன்னது விருந்தினர் அறையையும் குறிக்கும். ஆண்டவர் தம் இறுதி இராவுணவை உண்ட அறைக்கும் லூக்கா அச்சொல்லையே ஆள்கிறார் (22:11). ஆயினும் தமிழ் வாசகர் உள்ளத்தில் இருபகுதிகளும் ஒரு சொல்லால் இணைகின்றன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிதோறும் எழுப்பிய சத்திரங்களை அறிந்த நாட்டில், சத்திரம் என்பதே அறத்தின் அடையாளம். அறத்திற்கென எழுந்த இடத்திலும் இடமில்லாமற் போகலாம் என்பது நம் ஆலயங்களும் நிறுவனங்களும் எண்ணிப்பார்க்க வேண்டிய எச்சரிக்கை. சமாரியனோ தன் கைப்பணத்தைக் கொடுத்து இடம் உண்டாக்கினான். திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகவும் கூறினான். அவன் ஈகை ஒருநாளில் முடிந்துபோகவில்லை.

பவுலடிகள் எருசலேம் ஏழைகளுக்கென நிதி திரட்டியபோது முன்வைத்த சான்று மனித அவதாரமே. செல்வராயிருந்தும் நமக்காக ஏழையானார் என்பதே அவர்தம் வாதம் (2 கொரி. 8:9). அதனை அடுத்து, ஒருசாரார்க்கு இளைப்பாறுதலும் மறுசாரார்க்கு வருத்தமும் உண்டாவதைத் தாம் நாடவில்லை என்றும், சமநிலையே தம் நோக்கம் என்றும் விளக்குகிறார் (8:13-15). பிலிப்பியருக்கு எழுதும்போது, கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினார் என்கிறார் (2:7). நகோமியின் வெறுமையும் மரியாளின் பாடலில் வரும் வெறுமையும் இங்கு ஒரு புதுப்பொருள் பெறுகின்றன. நம் வெறுந்தட்டை நிரப்ப அவர் தம் தட்டை வெறுமையாக்கினார். கிறிஸ்து பிறப்புக் கால ஈகை இதற்கு மறுமொழியாக எழவேண்டும்.

4. மூன்று தமிழ்ச் சொற்கள்

ஈகையைக் குறிக்க நம் மொழியில் வழங்கும் சொற்களை ஆராய்வதும் பயன் தரும். முதலாவது, தர்மம். அறவொழுக்கத்தையும் பிச்சையிடுதலையும் இச்சொல் ஒருங்கே குறிக்கிறது. எபிரேயத்தில் நீதியைக் குறித்த 'செதாக்கா' என்னும் சொல்லும் பிற்கால யூதரிடையே ஈகையைக் குறிக்கலாயிற்று. மத்தேயு 6:1இல் பழைமையான கைப்படிகள் 'நீதி' என்றும் வேறுபல கைப்படிகள் 'தர்மம்' என்றும் படிப்பதற்கு இந்நெருக்கமே காரணம் எனலாம். கொடுத்தல் மிகுதியான நற்பண்பு என்றும், கொடாமை குற்றமன்று என்றும் எண்ணுவோர்க்கு இச்சொல்லே மறுப்பாகும். எளியவனுக்கு உரியதை அவனுக்கு அளிப்பதே தர்மம்.

இரண்டாவது, ஈகை. திருக்குறளில் இது 23ஆம் அதிகாரம். வறியவர்க்குக் கொடுப்பது ஒன்றே ஈகை என்றும், பிறர்க்குக் கொடுப்பது திரும்பப் பெறுதலை நோக்கிய கைம்மாற்று என்றும் வள்ளுவர் பகுத்துரைப்பது, லூக்கா 14ஆம் அதிகாரத்தின் போதனைக்கு மிக நெருங்கி வருகிறது. இரந்து நிற்பவரின் முகம் மலரும்வரை, இரக்கப்படுதலும் துன்பமே என்று அவர் கருதுவதும் ஆழ்ந்த உண்மை.

மூன்றாவது, ஒப்புரவு. ஈகைக்கு முற்பட்ட 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். உலகத்தாரோடு ஒத்து வாழ்ந்து, தன் பொருளை ஊருக்குப் பயன்படச் செய்தலை அது குறிக்கிறது. நம் திருமறை மொழிபெயர்ப்பாளரோ இச்சொல்லைக் கடவுள் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்மோடு இணைத்த செயலுக்கு ஆண்டனர் (2 கொரி. 5:18-20). ஆகவே தமிழ்க் கிறிஸ்தவர் ஒப்புரவு என்று சொல்லும்போது, கடவுளோடு இணைதலும் ஊரோடு பகிர்தலும் ஒரே சொல்லில் ஒலிக்கின்றன. ஒப்புரவின்றி ஈகை இல்லை. கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையே மதில் நிற்கையில், மதிலுக்கு மேலே எறியப்படும் பொதி ஈகை ஆகாது. சாதியால் பிரிந்த தெருக்களைக் கொண்ட நம் ஊர்களில் இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

5. திருச்சபை வரலாற்றில்

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் மார்ட்டர் எழுதிய முதல் காப்புரையில், ஞாயிறு வழிபாட்டின் இறுதியில் வசதியுள்ளோர் தாம் விரும்பிய அளவு கொடுத்தனர் என்றும், அவை சபைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு அனாதைகள், விதவைகள், நோயுற்றோர், சிறையிலிருப்போர், அயலூரார் ஆகியோருக்கு உதவின என்றும் காண்கிறோம். நான்காம் நூற்றாண்டில் பழைய சமயத்தை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய மடலில், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளையன்றிப் பிற சமயத்து ஏழைகளையும் தாங்குகின்றனர் என்று குறைபட்டுக்கொண்டார். பகைவர் வாயிலாக வந்த இச்சான்றினும் மேலான நற்சான்று வேண்டுமோ?

அதே நூற்றாண்டில் செசரேயாவின் பேராயர் பசில், பஞ்சக் காலத்தில் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிய செல்வனைப் பற்றி அருளுரையாற்றியதோடு நில்லாது, நகர்ப்புறத்தே நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் இல்லங்கள் எழுப்பினார். அந்தியோகியாவில் 386இல் கிறிஸ்து பிறப்புப் பண்டிகையை முன்னிட்டு அருளுரையாற்றிய யோவான் கிறிசோஸ்தோம், மத்தேயு நற்செய்தி பற்றிய தம் உரைகளில், திருவிருந்து மேடையைப் பொன்னால் அணிசெய்து ஏழையைப் பசியோடு வாசலில் விடுவதை வன்மையாகக் கண்டித்தார். ஐந்தாம் நூற்றாண்டின் ரோமைப் பேராயர் லியோ, டிசம்பர் மாத உபவாசம் பற்றிய உரைகளில், உபவாசத்தால் மீந்த உணவு ஏழைக்குச் சேரவேண்டும் என்று வற்புறுத்தினார். பண்டிகையில் மீந்ததைப் பண்டிகைக்குப் பின் கொடுத்தல் நம் வழக்கம். பண்டிகைக்கு முன்னரே தம் உணவைக் குறைத்துக் கொடுத்தல் அவர்கள் வழக்கம். வருகைக்காலம் என்பது இதற்கே உரிய காலம்.

மீராவின் பேராயர் நிக்கொலாசைப் பற்றிய மரபுக்கதை, மணம்முடிக்க வழியற்ற மூன்று பெண்களின் வீட்டிற்குள் இரவில் பொன்முடிப்பைப் போட்டுச் சென்றவராக அவரைக் காட்டுகிறது. இன்று அவர் பெயரால் உலவும் கிறிஸ்துமஸ் தாத்தா மேளதாளத்தோடு வருகிறார். மூலக்கதையின் நிக்கொலாசோ அறியப்படாதிருக்கவே முயன்றார். 1223இல் கிரேச்சியோவில் குடில் அமைத்து இவ்விழாவைக் கொண்டாடிய அசிசியின் பிரான்சிஸ், அந்நாளில் செல்வர் ஏழைகளைப் பசியாற்ற வேண்டும் என்றும், மாட்டிற்கும் கழுதைக்கும்கூட வழக்கத்தினும் மிகுதியாகத் தீவனம் இடவேண்டும் என்றும் விரும்பியதாக அவர் வரலாற்றை எழுதிய செலானோவின் தாமஸ் கூறுகிறார். குடிலை நாம் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டோம்; அதன் மறுபாதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

6. ஈகையும் கூலியும்

1843 டிசம்பரில் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை, இக்காலத்து ஈகையுணர்ச்சியைப் பெரிதும் உருவாக்கியது. மனம் மாறிய ஸ்குரூஜ் மூன்று செயல்களைச் செய்கிறான். தன் பெயரைத் தெரிவிக்காமல் ஓர் ஏழைக்குடும்பத்திற்கு வான்கோழி அனுப்புகிறான். ஏழைகளுக்கென நிதி திரட்டுவோரிடம் பெருந்தொகை தருவதாக ஒப்புக்கொள்கிறான். வாரம் பதினைந்து ஷில்லிங்கிற்குத் தன்னிடம் உழைத்த எழுத்தனின் சம்பளத்தை உயர்த்துகிறான். முதலிரண்டையும் நம் மேடைகளில் நடித்துக் காட்டுகிறோம். மூன்றாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். வான்கோழி ஒரு நாளைக்கு; சம்பளம் ஆண்டு முழுவதற்கும். அந்த ஏழைக்குடும்பம் வேறு யாருடையதோ அன்று. தன்னிடம் வேலை செய்தவனுடைய குடும்பமே.

நம் நாட்டில் இதனை மறக்கவொண்ணாத முறையில் நினைவூட்டும் நாள் ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், தலித் விவசாயக் கூலிக்குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவருள் பெரும்பாலோர். நெற்கூலியில் அரைப்படி உயர்வு கேட்டதே பூசலின் அடி. ஆலயங்களில் சமாதானத்தின் பாடல் ஒலித்த அதே நாளில் இது நிகழ்ந்தது. அறுவடை செய்தவரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதற்கு (5:4) இதனினும் கொடிய விளக்கம் வேண்டியதில்லை. திருச்சபை நாட்காட்டியில் டிசம்பர் 28ஆம் நாள் ஏரோதால் கொல்லப்பட்ட பெத்லகேம் குழந்தைகளின் நினைவுநாள். அன்று வழிபாடு நடத்தும் தமிழ்நாட்டு ஆயர் வெண்மணியை நினையாமல் அந்நாளைக் கடத்தல் அரிது.

இதனால் தனியாள் ஈகை வீண் என்று முடிவு கட்டலாமா? ஆகாது என்பதே நம் கருத்து. நீதி வரும்வரை பசித்தவர் காத்திருக்க இயலாது. நீதி வந்தபின்னும் துக்கமுற்றவரும் தனித்தவரும் நம்மிடையே இருப்பர். மேலும், ஏழையின் வீட்டை நேரில் அறியாதவர் நீதிக்காகப் பேசும் பேச்சு விரைவில் உலர்ந்துவிடும். வயலில் ரூத்தைக் கண்டதனாலேயே போவாஸ் ஊர்வாசலுக்குச் சென்றான். ஆயினும் ஈகை கூலிக்கு ஈடாகாது. வேலைக்காரருக்குப் பண்டிகைச் சேலை கொடுத்து, அவர் கேட்ட ஊதிய உயர்வை மறுப்பவர் கொடுப்பது ஈகையன்று. கடனில் ஒரு சிறு பகுதியே. நம் சபைகளின் கணக்கிலும் இதைத் தேடிப்பார்க்க வேண்டும். ஆலயத்தைப் பெருக்கி மணியடிப்பவருக்கு நாம் தரும் மாத ஊதியம் எவ்வளவு என்னும் வினாவை எழுப்பாத கிறிஸ்துமஸ் நிதி, முழுமையற்ற நிதியாகும்.

7. சேகரத்தில் கடைப்பிடிக்கத்தக்கவை

மேற்கூறியவற்றை நடைமுறைக்குக் கொணரச் சில குறிப்புகளை ஈண்டுத் தருகிறோம்.

(அ) காலம் அறிதல்: தமிழ்நாட்டில் கிறிஸ்து பிறப்பு வடகிழக்குப் பருவமழையின் இறுதியில் வருகிறது. காவிரிப் படுகையில் சம்பா வயலில் நிற்கிறது. அறுவடை தை மாதத்தில்தான். தூத்துக்குடி உப்பளங்களில் மழைக்காலத்தில் வேலையில்லை. மீனவர் புயலெச்சரிக்கையால் கரையில் நிற்கின்றனர். ஆதலின் இப்பண்டிகை பலருக்குக் கையில் காசில்லாத காலத்தில் வருகிறது. பிள்ளைகளின் புத்தாடைக்கெனக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கி அடுத்த ஆண்டு முழுவதும் கட்டுவோர் நம் சபைகளிலேயே உள்ளனர். எளிய கொண்டாட்டத்தை மேடையில் போதிப்பதும், வசதியுள்ளோர் அதைத் தம் வீட்டில் கடைப்பிடித்துக் காட்டுவதும் பெரும் ஈகை.

(ஆ) முன்னதாகக் கொடுத்தல்: 24ஆம் தேதி மாலையில் அளிக்கப்படும் துணியை எந்தத் தையற்காரரும் அவ்விரவில் தைத்துத் தரமாட்டார். வருகைக்காலத்தின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டால், அப்பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு புத்தாடை அணிந்து ஆலயத்திற்கு வரும். துணிக்குப் பதிலாகப் பணத்தைக் கொடுத்து, அவர்களே கடைக்குச் சென்று விரும்பிய நிறத்தைத் தெரிந்துகொள்ளச் செய்தல் இன்னும் சிறப்பு.

(இ) மறைவாகக் கொடுத்தல்: ஒலிபெருக்கியில் பெயரை வாசித்து மேடைக்கு அழைத்துப் படம் எடுத்தல் மத்தேயு 6:2இன் எக்காளத்திற்கு ஒப்பானது. அவ்வாறு அழைக்கப்பட்ட விதவையின் மகன் மறுநாள் தன் பள்ளித் தோழர் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதை நாம் எண்ண வேண்டும். கொடுப்பவர் பெயர் மறைவதினும் பெறுபவர் பெயர் மறைவது முக்கியம்.

(ஈ) கீதப் பவனி: இல்லந்தோறும் பாடிச் செல்லும் குழுவினர் காணிக்கை பெறுதல் நம் வழக்கம். உறையில் இடப் பணமில்லாத வீட்டார் விளக்கை அணைத்து உறங்குவதுபோல் இருந்துவிடுதலும் உண்டு. அத்தகைய தெருக்களில் காணிக்கைப் பையின்றிச் சென்று, அவர்கள் தரும் கட்டங்காப்பியை அமர்ந்து அருந்தி வருதல் நலம். ஏழையின் வீட்டில் பெற்றுக்கொள்ளத் தெரியாதவர்க்குக் கொடுக்கவும் தெரியாது.

(உ) பண்டிகை இல்லாத வீடுகள்: ஆண்டிற்குள் சாவு நிகழ்ந்த வீட்டார் இவ்வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை என்பர். நெகேமியா கூறிய ஒன்றும் ஆயத்தமில்லாதவர் இவர்களே. வறுமை இல்லாத வீடாயினும் அங்கு அடுப்பில் பலகாரம் இராது. அவ்வாறே, பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனித்திருக்கும் முதியோர், மருத்துவமனையிலும் சிறையிலும் இருப்போர், அன்றும் பணிக்குச் செல்லவேண்டிய தூய்மைப் பணியாளர், செவிலியர், காவலர் ஆகியோரும் உளர். இவர்களுக்கு வேண்டுவது பொருளினும் நம் நேரம்.

(ஊ) தொடர்தல்: நம் தாய்மார் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கை, ஆண்டு முழுவதும் நாள்தோறும் நிகழும் ஈகை. அது மறைவானது, ஏழையும் செய்யக்கூடியது, தன் உணவைக் குறைத்துச் செய்யப்படுவது. பேராயர் லியோ போதித்ததை நம் சமையலறைகள் நடத்திக் காட்டியுள்ளன. அப்பழக்கம் அருகிவரும் சபைகளில் அதைப் புதுப்பித்தல், பெரியதொரு விழாவினும் நற்பயன் தரும்.

முடிவுரை

திருச்சபை நாட்காட்டியில் பண்டிகைக்கு மறுநாளாகிய டிசம்பர் 26, ஸ்தேவானின் நாள். அவரை முதல் இரத்தசாட்சியாக நினைவுகூர்கிறோம். அவர் முதலில் தெரிந்துகொள்ளப்பட்டது, அன்றாட விசாரிப்பில் புறக்கணிக்கப்பட்ட கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குப் பந்தி விசாரிப்பதற்கே (அப். 6:1-5). தொட்டிலுக்கு அடுத்தே பந்தி வைக்கப்பட்டுள்ளது. 2004ஆம் ஆண்டில் அந்நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரை நம் கரையோரத்தை வாரிச் சென்றது. பண்டிகைக்கெனச் சமைத்தவையும் வாங்கி வைத்த துணிகளும் அன்று தங்குமிடங்களாக மாறிய ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் சென்றன. யார் எந்தச் சபை, எந்தச் சமயம், எந்தச் சாதி என்று கேட்க அப்பொழுதில் பலருக்குத் தோன்றவில்லை. பேரிடரில் இயன்றது இயல்பான நாளிலும் இயலும்.

நம் ஆயர்களும் மாணவர்களும் இவ்வருகைக்காலத்தில் அருளுரை ஆயத்தம் செய்யுமுன் ஒன்றைச் செய்யலாம். தம் சேகரத்தில் இவ்வாண்டு பண்டிகை இல்லாத வீடுகள் எவை என்று ஒரு தாளில் எழுதட்டும். எழுத இயலாவிடில், அருளுரையைச் சற்றே ஒத்திவைத்துத் தெருவில் இறங்கி நடக்கட்டும். வார்த்தை மாம்சமானார் என்று அறிவிக்கும் தகுதி, அத்தாள் நிரம்பியபின் நமக்குச் சிறிது கூடுதலாகவே இருக்கும்.